சும்மா இருந்த நாள்

ருக்குமணி மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேமுக்குப் பக்கத்தில் சரிந்து விழுந்தபோது அவள் கையில் இருந்த காப்பு பச்சையாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் பச்சை. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிவிட்டு, இன்னும் பத்து நிமிஷம் தாமதமாகியிருந்தால் கொண்டுவந்தும் பயனில்லை என்று சொன்னபோதும் பச்சை. பச்சை என்றால் இந்த ஆளுக்குக் களைப்பில்லை, தாராளமாக வேலை கொடுக்கலாம் என்று அர்த்தம். அந்த அர்த்தத்தை எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

அரசாங்கக் காகிதங்களில் அதற்குச் சோர்வுமானி என்று பெயர். மில்லில் எல்லாரும் காப்பு என்பார்கள். மணிக்கட்டில் ஒருமுறை பூட்டினால் அலுவலகத்தில்தான் கழற்ற முடியும். நாடித்துடிப்பு, தோலின் சூடு, வியர்வை எல்லாவற்றையும் பார்த்து உடம்பின் களைப்பை ஒரே எண்ணாகச் சொல்லும். பெண்களுக்கு மேஸ்திரி வேலை தாங்காது, நாள் முழுக்க அவர்களை நம்பி மிஷினை விட முடியாது என்று மில்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் அல்லவா, அந்தப் பேச்சுக்கு முடிவு கட்டத்தான் இதைச் செய்தோம். ஆணா பெண்ணா என்று பார்க்காதே, காப்பைப் பார் என்று சட்டம் வந்தது. பச்சைக்கு எந்த வேலையும் கொடுக்கலாம். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் உட்கார வைத்தே ஆக வேண்டும். ஆறு மாதம் நல்ல நிறத்தில் இருப்பவருக்குத்தான் மேஸ்திரி பதவி.

உடுமலைக்குக் கிழக்கே இருக்கும் அந்த மில்லில் நடந்ததை நாங்களே எதிர்பார்க்கவில்லை. பதினோரு மணிக்கெல்லாம் ஆண்கள் மஞ்சளாகிவிட்டார்கள். பெண்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஷிப்டு முடிந்து கேட்டைத் தாண்டும்வரை பச்சை. ஒரே வருஷத்தில் ஒன்பது மேஸ்திரிகளில் எட்டுப் பேர் பெண்கள். முதல் ஆள் ருக்குமணி. பதினைந்து வருஷம் ரிங் பிரேமில் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருந்தவள், மேஸ்திரியின் நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு அதே பிரேம்களுக்கு நடுவே மேற்பார்வைக்கு நடந்தாள். வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்து பார்த்துவிட்டு, வளரும் நாடுகளுக்கெல்லாம் இதுதான் முன்மாதிரி என்று எழுதிவிட்டுப் போனது. அந்தக் கட்டுரையில் என் போட்டோவும் இருக்கிறது. ருக்குமணியின் தோளில் கை போட்டு, ஏதோ நானே பெற்று வளர்த்த மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

அவள் விழுந்த மறுநாளே சோர்வுமானி ஆணையத்திலிருந்து என்னை அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் அவள் கையிலிருந்து காப்பைக் கழற்றாமலே சோதித்தேன். சென்சாரில் குறையில்லை, பாட்டரியில் குறையில்லை. கணக்குப் போடும் முறையை மூன்று தடவை சரிபார்த்தேன். எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. கருவியில் கோளாறு இருந்தால் மாற்றிவிடலாம்; இல்லையென்றால் எதை மாற்றுவது?

நான்காம் நாள் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ருக்குமணி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மில்லில் பார்த்ததைவிட முகம் தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"படுங்கக்கா. ஒரே ஒரு விஷயம் கேட்டுட்டுப் போயிடறேன். முதல்ல காப்பு மாட்டினப்போ, ஒரு லீவு நாள் பூரா வீட்டுல வச்சு அளவு எடுத்தோமே, ஞாபகம் இருக்கா?"

"இருக்குதுங்க மேடம். ஞாயித்துக்கெழம."

"ஒவ்வொருத்தர் உடம்பும் ஓய்வுல இருக்கும்போது எப்படி இருக்கும்னு காப்புக்கு முதல்ல தெரியணும். அதுக்கு மேல எவ்வளவு ஏறுதுன்னு பார்த்துத்தான் அது களைப்பைச் சொல்லும். அதுக்குத்தான் அந்த லீவு நாள். அன்னைக்கு நீங்க என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணுலீங்க. லீவுதானுங்க. வீட்டுல சும்மாதான் இருந்தேன்."

"எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க?"

"நாலரைக்கு. ஞாயிறும் புதனுந்தானுங்க எங்க லைன்ல தண்ணி உடுவாங்க. உட்டா போச்சு. முப்பது கொடம் புடிச்சு மாடித் தொட்டிக்கு ஏத்தோணும்."

"அப்புறம்?"

"அப்பறம் என்னங்க, போர்வை, பெட்சீட்டெல்லாம் லீவு நாள்லதான தொவைக்க முடியும். அதெ முடிச்சேன். வாரத்துக்கு மாவாட்டி வெச்சேன். இவரு கறி எடுத்துட்டு வந்தாரு, கொழம்பு வெச்சேன். அன்னைக்குன்னு பாத்து நாத்தனாரு குடும்பத்தோட வந்துட்டாங்க, ஒரம்பரைக்குச் சோறாக்கோணுமில்லீங்களா. பொழுதோட மாமியாளுக்கு எண்ணெ தேச்சு வெந்நி ஊத்துனேன். அவ்வளவுதான். மத்தபடி சும்மாதான் இருந்தனுங்க."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் வேதனை. அவள் கணக்கில் மில்லுக்குப் போகாத நாள் சும்மா இருந்த நாள்தான்.

காப்பு பாவம், அதற்கு என்ன தெரியும். முப்பது குடம் ஏற்றிய உடம்பைப் பார்த்துவிட்டு, ஓகோ, இந்த அம்மாளுக்கு ஓய்வு என்றால் இதுதான் போலிருக்கிறது என்று அறுபது என்று குறித்துக்கொண்டது. மில்லில் எண் எண்பதைத் தொடும்போது, ஓய்வைவிட இருபதுதானே கூடுதல் என்று பச்சை காட்டியது. ஆண்களுக்கு ஓய்வு எண் முப்பது முப்பத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுக் கவிழ்ந்து படுத்தவர்களின் எண் அது. அவர்களும் மில்லில் எண்பதைத்தான் தொட்டார்கள். ஆனால் அவர்களுக்கு அது நாற்பத்தெட்டு கூடுதல்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேருடைய ஓய்வு எண்ணையும் எடுத்துப் பார்த்தேன். ஐம்பத்தைந்துக்குக் கீழே ஒன்றுகூட இல்லை.

அந்த நாளுக்கான அறிவுரையை எழுதியவள் நான். 'விடுமுறை நாளன்று வீட்டில் வழக்கம்போல் இருக்கவும்.' கோயம்புத்தூரில் என் அறையில், கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு எழுதிய வாக்கியம். என் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குத்தான் விடியும். கண் திறக்கும்போது அம்மா காபி வைத்திருப்பாள். வழக்கம்போல் என்று நான் எழுதியபோது அம்மா அடுப்படியில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றியதும் இல்லை.

ருக்குமணியின் காப்பில் இந்த மூன்று நாள் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில், வேளாவேளைக்கு யாரோ கொண்டுவந்த கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்திருந்த மூன்று நாள். முப்பத்தொன்று. அவள் புருஷன் மாணிக்கத்தின் எண்ணும் முப்பத்தொன்றுதான். அதே மில்லில் ஃபிட்டர் அவர். காப்பு வருவதற்கு முன்னால் அடுத்த மேஸ்திரி என்று பேசப்பட்டவர்.

விஷயத்தை அவளிடம் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, காப்பை ஒருமுறை சுற்றிவிட்டாள்.

"அப்ப சரியான அளவு வெச்சா நானு இந்த ரெண்டு வருசமும் செவப்பு."

"ஆமாக்கா. தினமும்."

"எல்லாப் பொம்பளைங்களுமா?"

"எல்லாரும்."

"அப்ப மேடம், தயவுசெஞ்சு இதெ எழுதாதீங்க." குரலை உயர்த்தவே இல்லை. "பதினஞ்சு வருசம் ஃபிட்டருகிட்டயும் மேஸ்திரிகிட்டயும் ஏய், போன்னு பேச்சு வாங்கியிருக்கறேன். அந்தக் கோட்டுப் போட்ட பொறவுதான் மனுசியாப் பாத்தாங்க. வீட்டுலயுந்தான். செவப்புன்னா கோட்டக் கழட்டிருவாங்க. என்னொருத்தியோட போகாது. எட்டுப் பேருக்கும் போயிரும்."

"எழுதலேன்னா அடுத்து யாராவது விழுவாங்க. நீங்களே மறுபடி விழலாம். டாக்டர் சொன்னாரில்ல?"

அப்போது நான் ஒரு வாக்குறுதி கொடுத்தேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் அளவெடுப்புக்கு நேரம் வந்துவிட்டது; இந்தத் தடவை ஆண்களும் பெண்களும் எல்லாருமே புதிதாக, சரியாக அளவெடுத்துக்கொள்வார்கள். ஆண்கள் ஏற்கெனவே மஞ்சளையும் சிவப்பையும் தொட்டுக்கொண்டிருக்கிறவர்கள். பெண்களும் அதே நிறத்துக்கு வருவார்கள். இருவரும் ஒரே நிறம் என்றால் பதவியில் இருப்பவரே தொடரலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. இத்தனை பேர் சிவப்பைத் தொட்டால் மில் எல்லாருக்கும் ஓய்வு நேரம் கொடுத்தே ஆக வேண்டும். பதவியும் நிற்கும், உயிரும் நிற்கும்.

"கோட்டு உங்க தோள்லதான் இருக்கும். நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவள் என்னை நம்பினாள். எனக்கும் என்மேல் நம்பிக்கையாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் மில்லில் கூட்டம். பர்சனல் ஆபீசர் கனகசபை, யூனியன் செயலாளர் திருமூர்த்தி, பழைய ஆண் மேஸ்திரிகள் நாலைந்து பேர், நான். பெண்களில் ஒருத்தரையும் காணோம். மேஸ்திரியம்மாக்கள் எல்லாரும் ஷிப்டில் இருக்கிறார்கள், தொந்தரவு பண்ண வேண்டாம் என்று விட்டுவிட்டோம் என்றார் கனகசபை. நான் அதை ஒரு மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் அதை நாலு பேருக்கு விளக்காமல் இருக்க முடியாது. போர்டில் கோடு போட்டுக் காட்டினேன்.

திருமூர்த்திதான் முதலில் கேட்டார். "மேடம், எனக்குப் புரியறாப்புல சொல்லுங்க. அளவெடுக்கற அன்னைக்கு ஒருத்தரு ஒடம்பு நோக வேலை செஞ்சா என்னாகும்?"

"ஓய்வு எண் ஏறிடும். அதைத்தான் காப்பு ஓய்வுன்னு நினைச்சுக்கும்."

"அப்பறம் மில்லுல எவ்வளவு வேலை செஞ்சாலும்?"

"பச்சைதான்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அடுத்த அளவு வர்ற வரைக்கும். ரெண்டு வருஷம். நடுவுல யாரும் மாத்த முடியாது. மில்காரங்க இஷ்டத்துக்கு மாத்திடக் கூடாதுன்னு நாங்களே போட்ட பூட்டு அது."

"ஆக, பொம்பளைங்க தெரியாம வேலை செஞ்சுட்டாங்க, அதான் பச்சை."

"அதேதான். இவ்வளவு சின்ன விஷயம், இத்தனை நாள் யார் கண்ணுக்கும் படல பாருங்க" என்று சொல்லி நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். திருமூர்த்தி சிரிக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பழைய மேஸ்திரிகளைத் திரும்பிப் பார்த்தார்.

கனகசபை தேதி கேட்டார். வரும் ஞாயிறு என்றேன். திருமூர்த்தி குறுக்கிட்டார்.

"ஞாயித்துக்கெழமை வேண்டாமுங்க மேடம். ஒரம்பரை வருவாங்க போவாங்க. பொம்பளைங்களுக்கு ஓய்வு கெடைக்காது. புதன்கெழமை ஒருநாள் மில்லுக்கு லீவு உட்டுட்டு எடுங்க."

பெண்களின் ஓய்வைப் பற்றி ஓர் ஆண் யோசிக்கிறாரே என்று எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கூட்டக் குறிப்பில் அவர் பெயரைப் போட்டுப் பாராட்டி எழுதினேன்.

இந்தத் தடவை அறிவுரையை வேறு மாதிரி எழுதினேன். 'அன்று எந்த வேலையும் செய்யாமல் ஓய்வாக இருக்கவும்.' எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியாயிற்று. வீட்டுக்குள் போய் யார் என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கச் சட்டத்தில் இடமில்லை. கையெழுத்தைத்தான் நம்ப வேண்டும்.

எனக்கு ஆண்களைப் பற்றிக் கவலையே இல்லை. ஓய்வாக இரு என்று அவர்களுக்குச் சொல்லவா வேண்டும். பெண்கள் உட்கார்வார்களா என்பதுதான் என் கவலை. அதனால் புதன்கிழமை முற்பகல், வீடு திரும்பியிருந்த ருக்குமணிக்குப் பழம் கொடுக்கும் சாக்கில், மில் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போனேன். உடுமலையிலிருந்து டிரைவர் இல்லாமல் ஓடும் பஸ் வந்துவிட்டது. தண்ணீர் மட்டும் இன்னும் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறது.

தெருவுக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன். குழாயைச் சுற்றி முழுக்க ஆண்கள். ஃபிட்டர்கள், பஞ்சுக் கட்டு இறக்குகிறவர்கள், பழைய மேஸ்திரிகள், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குடம் தூக்குகிறார்கள். ஒருவர் வாசலில் உட்கார்ந்து ஆட்டுக்கல்லில் மாவாட்டுகிறார். கிரைண்டர் இருக்கிற வீடு அது. கொடி முழுக்கப் போர்வைகள். பெண்கள் வாசல்படிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் தலைக்குக் குளித்துக் கூந்தலை உலர விட்டிருந்தார்கள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ருக்குமணி விழுந்தது இந்தத் தெருவையே உலுக்கிவிட்டது என்று நினைத்தேன்.

ருக்குமணி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "மேடம், நானு பத்து மணி வரைக்கும் தூங்குனேன்" என்றாள். "கண்ணாலம் ஆயி இருவது வருசத்துல மொதத் தடவை. எந்திரிச்சுப் பாத்தா காப்பி போட்டு வெச்சிருக்கறாரு. சக்கரை சாஸ்தி. ஆனாலும் குடிச்சனுங்க."

"மாமியார் ஒண்ணும் சொல்லலியா?"

"அவங்களுக்கும் அவருதான் வெந்நி ஊத்துனாரு. மகன் கையால ஊத்திக்க வெக்கப்பட்டாங்க."

மாணிக்கம் இரண்டு கைகளிலும் குடத்தோடு வந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மாடிப்படியில் ஓடினார். நடக்கவில்லை, ஓடினார். இறங்கி வந்து மறுபடி ஓடினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மெதுவாப் போங்கண்ணா. தொட்டி எங்கேயும் ஓடிடாது" என்றேன்.

"பரவால்லீங்க மேடம்" என்றார். கையைத் திருப்பிக் காப்பைப் பார்த்துக்கொண்டார். பிறகு கொடியில் காய்ந்திருந்த போர்வைகளை உருவிக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போனார்.

"காலையிலதான் அதெத் தொவைச்சாரு" என்றாள் ருக்குமணி. "அழுக்குப் போகலையாம். மறுக்கா தொவைக்கறாரு."

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவமானமாக இருக்கிறது. படித்தவள், கருவியைச் செய்தவள், கண்ணெதிரே ஒரு மனிதன் காய்ந்த போர்வையை நனைத்துத் துவைக்கிறான், எனக்குப் பிடிபடவில்லை. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். எனக்கு அதற்கு மேல் எதையும் யோசிக்க மனசு வரவில்லை.

வியாழக்கிழமை காலை அளவுகள் வந்தன. பெண்களின் ஓய்வு எண் முப்பது, முப்பத்திரண்டு, இருபத்தொன்பது. ஆண்களின் எண் அறுபத்தொன்று, அறுபத்துநாலு. மாணிக்கத்துக்கு அறுபத்தாறு.

திரையை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். போர்வை அப்போதுதான் புரிந்தது. புதன்கிழமையும் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர்கள் குடம் தூக்குவதை வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் பார்த்துவிடுவார்கள். காலை ஷிப்டு தொடங்கிப் பதினோரு மணி ஆவதற்குள் பெண்கள் பக்கம் ஒவ்வொன்றாகச் சிவந்தது. ஆண்கள் பக்கம் ஷிப்டு முடிகிறவரை ஒரு விளக்குகூட நிறம் மாறவில்லை.

கனகசபையிடம் ஓடினேன். அவர் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"ஆண்கள் ஏமாத்திட்டாங்க சார். நேத்து பூரா வேலை செஞ்சிருக்காங்க."

"பாத்தீங்களா?"

"பார்த்தேன். என் கண்ணால பார்த்தேன்."

"அப்ப நிறுத்தியிருக்கலாமே மேடம்."

அவர் தன்மையாகவே பேசினார். "பொம்பளைங்க அளவு தப்புன்னு எழுதுனது நீங்க. இப்ப அது சரியாயிருச்சா இல்லையா?"

"சரியாயிடுச்சு. ஆனா..."

"அப்ப சிவப்புன்னா சிவப்புத்தான. உக்கார வெக்கோணும். உசுரு முக்கியம்னு அன்னைக்கு அவ்வளவு பேசுனீங்க."

ஆணையத்துக்கு எழுதினேன். ஆண்கள் மறுத்தால் வேறு யாராவது சாட்சி சொல்ல வேண்டும் என்று பதில் வந்தது. ஆண்கள் மறுக்கவில்லை. விசாரணைக்கு வந்த திருமூர்த்தி எல்லார் முன்னாலும் கேட்டார்: "சீக்கா இருக்கற பொண்டாட்டிக்கு ஒருநாள் ஒத்தாசை பண்ணுனது தப்புங்களா மேடம்? அதெல்லாம் ஒரு வேலைன்னு இதுவரைக்கும் யாராச்சும் சொல்லியிருக்கறாங்களா?" அறையில் இருந்த அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டு வேலை ஓய்வில் சேருமா சேராதா என்பதற்குச் சட்டத்தில் வரி ஏதும் இல்லை. எழுதும்போது அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியாக ருக்குமணியிடம் போனேன். பெண்களில் பத்துப் பேர் புகார் எழுதிக் கொடுத்தால் அளவை ரத்து செய்யக் கேட்கலாம் என்றேன்.

"என்னன்னு எழுதறதுங்க மேடம்?"

"உங்க வீட்டுக்காரர் அன்னைக்கு வேலை செஞ்சார்னு."

"என்ற புருசன் ஒருநாள் எனக்குத் தண்ணி எடுத்துக் குடுத்தாருன்னு கம்ப்ளெயிண்டு குடுக்கச் சொல்றீங்க."

"அவர் உங்களுக்காகச் செய்யலக்கா."

"தெரியுமுங்க. அன்னைக்கே பாதி தெரியும். காஞ்ச போர்வையத் தொவைச்சா தெரியாதுங்களா?" அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "ஒரு நாளு மேடம். இருவது வருசத்துல ஒரு நாளு. அதெயும் நானே போயி தப்புன்னு எழுதிக் குடுத்துட்டா, பொறவு எனக்கு நெனைச்சுக்கறதுக்குன்னு என்னதான் இருக்குது?"

ஒருத்தியும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆறு மாதத்தில் எட்டு நீலக் கோட்டும் கைமாறின. ருக்குமணியின் கோட்டு மாணிக்கத்துக்கு வந்தது. வீட்டுக்குள்ளேயேதானே இருக்கிறது என்று மாமியார் சொன்னாளாம். தோளில் கொஞ்சம் பிடித்ததால் ருக்குமணியே தையல் பிரித்துக் கொடுத்தாளாம். பெண்களை இரண்டு பிரேமுக்கு மேல் பார்த்துக்கொள்ள விடக் கூடாது என்று மில்லில் உத்தரவு போட்டார்கள். பெண்களுக்கு இந்த வேலை தாங்காது என்று இப்போது யாரும் வாயால் சொல்வதில்லை. காப்பு சொல்கிறது. வெளிநாட்டுக் குழுவுக்கும் தகவல் போனது. இப்போதைய அளவுகள் அறிவியல்பூர்வமாக இன்னும் துல்லியமானவை என்று அவர்கள் பதில் எழுதினார்கள். அதில் பொய் இல்லை.

அடுத்த தடவை மில்லுக்குப் போனபோது ருக்குமணி கழிவுப் பஞ்சு பிரிக்கும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். நெஞ்சு பலவீனம் என்பதால் உட்கார்ந்து செய்கிற வேலை. காப்பு சிவப்பாக எரிந்தது. காலையில் மில்லுக்குள் நுழையும்போதே அப்படித்தானாம். நாலரைக்கு எழுந்த உடம்பு, இப்போது உண்மையைச் சொல்லுகிறது. சொல்லி என்ன. சிவப்பானால் உட்கார வை என்பதுதானே சட்டம், உட்கார வைத்துவிட்டார்கள்.

"வீட்டுல எப்படிக்கா?" என்று கேட்டேன்.

"எப்பவும் போலத்தானுங்க. அந்தப் புதனுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமையில இருந்து நானேதான் தண்ணி புடிக்கறேன். மேஸ்திரிக்கு நேரமில்ல."

கோட்டு உங்கள் தோளில்தான் இருக்கும் என்று சொன்ன அதே வாயால் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பஞ்சிலிருந்து ஒரு விதைத் துணுக்கைப் பொறுக்கி எடுத்து ஓரமாகப் போட்டாள்.

"மேடம், மறுக்கா எப்பங்க அளவெடுப்பீங்க?"

"ரெண்டு வருஷம் ஆகும்க்கா. அதுல இன்னும் ஒண்ணரை வருஷம் பாக்கி. அதுக்குள்ள சட்டத்தை மாத்த முடியுமான்னு நான்..."

"அதில்லீங்க." அவள் தலையை ஆட்டி என்னை நிறுத்தினாள். கொட்டகையில் மற்றவர்களுக்குக் கேட்காதபடி கொஞ்சம் கிட்டே வந்தாள்.

"அப்பவும் புதன்கெழமையாவே வெக்கச் சொல்லுங்க மேடம். அன்னைக்குத் தண்ணியும் வரும், ஒரம்பரையும் இருக்காது. அவரே புடிப்பாரு."